அரசி அழுத காட்சி

திரையில் அரசனின் பிணத்தின் மேல் விழுந்து அரசி கதறினாள். சத்தமே இல்லை. பழைய கிரேக்கச் சோக நாடகம் ஒன்றைத் திருச்செல்வம் ஊமைப்படமாக எடுத்திருந்தான். அரசியாக நடித்தவள் அவன் மனைவி உஷாராணி. கோல சிலாங்கூர் தோட்ட மண்டபமே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

பின்வரிசையில் நாலு பேர் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எட்டு மாச உழைப்புலா! சாவுக் காட்சியில சிரிக்குதுங்க பாரு" என்று திருச்செல்வம் பல்லைக் கடித்தான். "பின்னால போயி ரெண்டு தடவை சொல்லிட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. திமிரு!"

"விடுங்க, சண்டை வேணாம்" என்றாள் உஷாராணி.

அவன் கேட்கவில்லை. அவர்களுக்கு முன்னால் போய் நின்று, "வெளிய போங்க!" என்று கத்தினான். நால்வரும் அவன் வாயையே பார்த்தார்கள். ஓரத்தில் இருந்த பெண் தன் காதைத் தொட்டு, கேட்காது என்று கையசைத்தாள். பிறகு கைப்பேசியில் தட்டி நீட்டினாள்.

"மன்னிச்சிருங்கண்ணே. அக்காவோட வாயசைவு தெளிவாத் தெரியுது. 'ஒம்பது வருசமா கேக்குறேன், பக்கத்துல இருக்குற செகிஞ்சானுக்குக்கூட கூட்டிட்டுப் போகல. இந்த மனுசனுக்குப் படம் ஒண்ணுதான் கொறச்சல்!'"

அழுகை வரட்டும் என்று படப்பிடிப்பில் சோக இசையை அலறவிட்டு, "ஊமைப்படந்தானே, வாய்க்கு வந்ததச் சொல்லு" என்றவன் அவனேதான்.

திரும்பி மனைவியை முறைத்தான். முன்வரிசையிலிருந்து அவள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

பின்வரிசை மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தது.