ஏழாவது பூ

“கல்யாணம் ஆயிடுச்சா தம்பி? சம்பளம் எவ்வளவு? ஏன் இப்படி இளைச்சுக் கெடக்கே?”

ரயில் ஏறியதிலிருந்து எதிர் இருக்கைக்காரிக்கு வாய் ஓயவில்லை. பெயர் சஃப்தாவாம், யார் கேட்டது? வாயைத் திறந்தாலே பூண்டு நாற்றம் வேறு. ஹோரியா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“ஊர்ல என்ன விசேஷம்?”

“அம்மா இறந்துட்டாங்க. அடக்கத்துக்குப் போறேன்.”

அவன் பிழைக்கப் போன ஸ்வீடனில் இதைக் கேட்டால் எதிராளி வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பான். இது ருமேனியா. சஃப்தா சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, அவனைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டு ஓவென்று அழுதாள். அவித்த முட்டையை உரித்து அவன் வாயில் திணித்தாள். மகளுக்கென்று கொண்டுபோன ஏழு டாலியாப் பூக்களில் ஒன்றை உருவிக்கொண்டு, ஆறை அவனிடம் நீட்டினாள். அந்த ஊர் வழக்கப்படி உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில், செத்தவர்களுக்கு இரட்டைப்படையில்தானே பூ வைக்க வேண்டும்!

“அம்மா காலடியில வச்சிடுப்பா.”

‘சீ, என்ன ஜனங்கள்!’ எச்சில் பட்ட கன்னத்தைத் துடைத்துக்கொண்டான்.

அவன் இறங்கவேண்டிய பாஷ்கானி நிலையம் வந்தது.

“தனியா எப்படிப்பா போவே? நானும் வர்றேன்.” அவன் தடுத்தும் கேட்காமல், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் இறங்கிவிட்டாள்.

“ஹோரியா! என் கண்ணே!”

கைகளை விரித்தபடி ஓடிவந்த அவன் அம்மா, மகன் கையிலிருந்த பூக்களை எண்ணினாள். முகம் வெளுத்துவிட்டது.

சஃப்தா அவனைப் புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பூங்கொத்தைப் பிடுங்கி, ஏழாவது பூவையும் அதில் செருகி அம்மாவிடம் கொடுத்தாள்.

“வழியெல்லாம் உங்களப் பத்தித்தான் பேச்சு அக்கா. நூறு வயசு இருங்க.”

கண்ணேறு படாமலிருக்க வழக்கப்படி மூன்று முறை துப்பினாள்.

முதல் இரண்டும் காற்றில். மூன்றாவது, ஹோரியாவின் காலணியில்.