தானே ஓடிய மோட்டார்

"இந்தக் காலத்துப் பிள்ளைக மண்ணைத் தொட்டுப் பாக்காதுக, பெட்டியத்தான் பாக்குங்க" என்று முணுமுணுத்தபடி கல்லூரி விழாவில் உட்கார்ந்திருந்தார் சோணை.

கீழக்குயில்குடியில் அவருடைய கத்தரித் தோட்டத்தில் அந்தக் கல்லூரி மாணவி ரம்யாஸ்ரீ மாட்டிய பெட்டி, மண் காய்ந்தால் தானே மோட்டாரைப் போடுமாம். அவளுடைய கடைசி வருட புராஜெக்ட். வருடம் முழுக்க ஒரு செடிகூட வாடவில்லை என்று முதல் பரிசு கொடுத்தார்கள்.

சோணைக்கு மனசு உறுத்தியது. அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தாயி, நம்பிக்கையில்லாம மோட்டாருக்குப் போற ஒயர மொத வாரமே பிடுங்கிட்டேன். வருசம் பூரா நாந்தான் மோட்டார் போட்டேன்."

"ரெண்டாம் மாசமே தெரியும் தாத்தா. பெட்டி மோட்டாரப் போட்டிருந்தா தண்ணி இம்புட்டுச் சரியா வந்திருக்காது. வெளிய சொல்லிராதீங்க, இத வச்சுக் கிடைச்ச வேலையும் போயிரும்."

"பெட்டிய மட்டுந்தான் நம்பக் கூடாதுன்னு நினைச்சேன்" என்ற சோணை, மோட்டார் போட நேரமாகிவிட்டதென்று நடையைக் கட்டினார்.