கிராணி வீட்டு நுரை

கோலா சிலாங்கூர் வீட்டின் முன்கூடத்தில் அன்று காலை இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டுக்காரர் குமாரசிங்கம், அவர் மனைவி விமலாதேவி, மகள் இந்திரகுமாரி, அவளைப் பெண் கேட்டு வந்த பவனேஷ், அவனை அழைத்து வந்த குடும்ப நண்பர் முருகையா. ஆறாவது ஆள் இல்லை. பிறகு வாய்க்கு வந்ததைப் பேசியவர்களில் ஒருவர்கூட அங்கே இருந்தவர் அல்லர்.

வந்தவர்களை உட்காரச் சொல்லாமல், குமாரசிங்கம் சுவர்க் கண்ணாடி முன் நின்று முகத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். ஈரப் பிரஷை உதறி, டப்பாவிலிருந்த சவர்க்காரத்தின் மேல் சுழற்றி, வலது கன்னத்தில் பூசினார். நுரை வெண்ணெய் போலத் திரண்டு நின்றது.

“பார்த்தீரோ? நாப்பது வருசமா இதுதான். சீமையில இருந்து வாறது,” என்றார், கண்ணாடியில் தெரிந்த பவனேஷிடம்.

பவனேஷ் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்தில் ஒரு சவர்க்காரத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அந்தப் பழக்கத்தில் டப்பாவை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தான்.

“இதுல நுரைக்காம இருக்காது ஐயா,” என்று சொல்லித் திரும்ப வைத்தான். பிறகு குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தான்.

அவனும் ஒரு சவர்க்காரம் கொண்டுவந்திருந்தான். செம்பனை எண்ணெயில் அவனே செய்தது. அவர்கள் கொண்டுவந்த பழத்தட்டில் ஆப்பிள்களுக்கு நடுவே இருந்தது. குமாரசிங்கம் அதைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை. அவருடைய தகப்பனார் பெரிய கிராணியாக இருந்து கணக்கெழுதிய ரப்பர்த் தோட்டத்தில் பவனேஷின் தாத்தா பால்மரம் சீவியவர்.

“அண்ணே, சும்மா மொறைக்காதீங்க,” என்றார் முருகையா. “இன்னொரு கன்னம் காலியாத்தானே கெடக்கு? தம்பி சவுக்காரத்தையும் போட்டுப் பாருங்கலா!”

குமாரசிங்கம் வேண்டாவெறுப்பாகப் பிரஷைக் கழுவி, அந்தச் சவர்க்காரத்தில் இரண்டே சுற்றுச் சுற்றி, இடது கன்னத்தில் பூசினார். சின்னக் குமிழிகள் எழுந்து உடைந்து, தாடையில் ஒழுகிக் கழுத்துக்குள் இறங்கின.

“சீ! நாயின்ரை வாயில வடியிற மாதிரி.”

“தண்ணி பத்தல ஐயா,” என்றான் பவனேஷ். “இது தண்ணி நெறையக் குடிக்கும். சொட்டுச் சொட்டா விட்டு ஒரு நிமிசம் விடாம சுத்தணும். குடுங்க, நான் கலக்கிக் காட்டுறேன்.”

கையை நீட்டினான். குமாரசிங்கம் பின்வாங்கினார்.

“மாடு தின்னுற கையால என்ரை பிரஷைத் தொடாதையும்!”

“அப்பா!” என்றாள் இந்திரகுமாரி.

“என்ன அப்பா? இவையின்ரை வீட்டில மாட்டிறைச்சி சமைக்கிறது ஊருக்கே தெரியும். நினைக்கவே எனக்குக் குமட்டுது.”

பவனேஷ் தலை குனியவில்லை. “யாரோ பொய் சொல்லியிருக்காங்க ஐயா. எங்கம்மா மாடு வளத்து, பால் வித்துத்தான் என்னைப் படிக்க வச்சாங்க. எங்க வீட்டுல யாரும் அதைத் தொட மாட்டோம்.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். முருகையா, கூட்டிக்கொண்டு போம். இந்தச் சம்பந்தம் சரிவராது.”

அவர்கள் போனார்கள். வைத்த தேநீர் அப்படியே இருந்தது. விமலாதேவி பழத்தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்திரகுமாரி அழாமல், அப்பாவின் மழிக்கும் சாமான்களை எடுத்து வைத்தாள்; சவர்க்கார டப்பாவை மட்டும் திருப்பி, அதன் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள்.

மாலை ஐந்து மணிக்கு அவள் அந்த டப்பாவோடு அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சற்று நேரத்தில், குளியலறையில் வாந்தியெடுக்கும் சத்தம் அடுத்த வீட்டு இராஜம்மா காது வரைக்கும் கேட்டது. குழாய் வெகுநேரம் ஓடியது.

மறுநாள் காலை குமாரசிங்கம் முருகையாவிடம் தாமே தொலைபேசியில் பேசினார். “அந்தப் பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு வாரும். எனக்குச் சம்மதம்,” என்றார். காரணம் கேட்டதற்குப் பேச்சை முடித்துக்கொண்டார்.

ஊர் காரணம் கண்டுபிடித்தது. ஒரு மாதம் கழித்துக் கோயில் மண்டபத்தில் நிச்சயதார்த்தம் நடந்தபோது, இராஜம்மா பக்கத்திலிருந்த பெண்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

“நான் கேட்டேன்லா, பொண்ணு எப்படி வாந்தி எடுத்திச்சுனு! மாசமா இருந்தா பெத்தவரு வேற என்ன செய்வாரு? பெரியவரைப் பாரு, அவமானத்துல தாடி வளத்துக்கிட்டு உக்காந்திருக்காரு.”

குரலை அவர் அடக்கவில்லை. தாம்பூலத் தட்டை மாற்றிக்கொண்டிருந்த கைகள் நின்றன. விமலாதேவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பவனேஷின் தாய் இந்திரகுமாரியைப் பார்த்தார். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

குமாரசிங்கம் எழுந்தார். ஒரு மாதத் தாடியோடு முதுகை நிமிர்த்தி நின்றார். சபையில் தாழ்ந்து பேசி அவருக்குப் பழக்கமில்லை. எதிரே பவனேஷ், “வேணாம் ஐயா,” என்பதுபோலத் தலையசைத்தான்.

அவர் அவனுக்குக் கைகூப்பிவிட்டு, இராஜம்மா பக்கம் திரும்பினார்.

“அண்டைக்கு வாந்தியெடுத்தது என்ரை பிள்ளை இல்லை, நான்தான்; நாப்பது வருசமா நான் முகத்தில அப்பின நுரை மாட்டுக் கொழுப்பு.”