பாயாசம் இல்லாத கல்யாணம்

ஊரைப் பிடித்து வைத்திருந்த அந்நியப் படை, முகாம் வாசலில் ஒரு விளக்கை நாட்டியிருந்தது. சனங்கள் கடையில் வாங்கும் சாமான்களை வைத்து, பக்கத்து நாட்டோடு போர் மூளுமா என்று அது கணிக்கும். விளக்கு சிவந்தால் பீரங்கிகள் எல்லைக்குப் புறப்பட்டுவிடும்.

மகளின் கல்யாண அவசரத்தில் தவமலர் இதை மறந்துபோனாள். அரிசி, பருப்பு, சர்க்கரை என்று மூட்டை மூட்டையாக இறக்கினாள். விளக்கு மஞ்சளானது. மஞ்சளைக் கண்டு பயந்த ஊர் கடைக்கு ஓடியது. விளக்கு சிவந்தது.

முகாம் கப்டன் பதறி வந்தான். அவன் கழுத்தில் தொங்கிய மொழிபெயர்ப்புப் பெட்டி தமிழ் பேசியது: "அம்மையாரே, திருமணத்தை ஒத்திவைக்கவும்."

"இதை விட்டா தை மாசந்தான் முகூர்த்தம். நீங்கள் சண்டையைத் தள்ளிப் போடுங்கோ, தம்பி."

நெடுநேரப் பேரத்துக்குப் பிறகு தவமலர் பாயாசத்தை விட்டுக்கொடுத்தாள். சர்க்கரை மூட்டை கடைக்குத் திரும்பியது. அதைக் கண்டு ஊரும் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது. விளக்கு பச்சையானது, பீரங்கிகள் திரும்பி வந்தன.

பந்தியில் மாப்பிள்ளையின் பெரியப்பா கேட்டார்: "பாயாசம் எங்க?"

தவமலர் நடந்ததைச் சொன்னாள்.

"இதுக்குச் சண்டையே வந்திருக்கலாம்!" என்று இலையை மூடிவிட்டு எழுந்தார். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக எழுந்தார்கள். செம்பு ஒன்று பறந்தது.

விருந்துக்கு வந்திருந்த கப்டன் மேசைக்கடியில் புகுந்துகொண்டு முகாம் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தான்.

விளக்கு பச்சையாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.