ஆசிரம வாசலில் ஒரு ஜோடி ஷூ

ரமணாசிரம வாசலில் கழற்றிப்போட்ட செருப்புகளின் மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. "உங்க ஷூ கம்பெனியில நானும் சேரட்டுமாக்கா?" என்று பக்கத்து வீட்டுக் கவிநிலா கேட்டதுதான் தாமதம், ரேவதி பொரிந்து தள்ளுகிறாள். "வேணான்டி. நாள் முழுக்க நின்னு கால் வீங்கிடும். சூப்பர்வைசர் கத்தல் ஜாஸ்தி, தூக்கம் கம்மி." சொல்லிக்கொண்டே, கவிழ்ந்து கிடக்கும் யாரோ ஒருவரின் ஷூவை நிமிர்த்துகிறாள். ஓரத்து இரட்டைத் தையலில் ஓடிய விரல் சட்டென்று நிற்கிறது. அது அவள் மிஷினில் தினமும் ஓட்டுகிற தையல். முந்தானையால் தூசியைத் துடைத்து, ஜோடி சேர்த்து வைக்கிறாள். வெள்ளைக்காரம்மா ஒருத்தி வந்து, அதில் கால் நுழைத்துக்கொண்டு செங்கம் சாலையில் நடக்கிறாள். அந்தக் கால்கள் கூட்டத்தில் மறையும்வரை ரேவதி கண்ணை எடுக்கவில்லை. "அப்போ வேணாம்னு சொல்றியாக்கா?" "காலையில கம்பெனி பஸ்ஸுல என் பக்கத்துல எடம் போட்டு வெக்கிறேன். வந்துடு."