கீழ்நிலை மொழி

மதகுக்குச் சிறகு முளைத்திருந்தது.

மடிக்கணினியின் திரையில் அது வயலுக்கு மேலே பறந்தது. வாய்க்கால் தண்ணீர் தென்னை மரத்தில் ஏறியது. பிறகு திரை கறுத்து, விளையாட்டு செத்துப்போனது.

காலியான மாடி அறையின் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் வெற்றிலை மண்டிகளுக்குப் பின்னால் ஒரு தெரு. வாடகைக்குக் கேட்டு வந்திருந்தோம், நானும் என்னோடு சேர்ந்து இந்த விளையாட்டை எழுதுகிற செம்மொழியும்.

இருக்கிற இடத்தை வெள்ளிக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். பார்த்த வீடுகளெல்லாம் ஏதோ ஒரு காரணத்தால் கைநழுவிப் போயிருந்தன. இதுவும் இல்லையென்றால் பொங்கலுக்குள் விளையாட்டை முடிக்க முடியாது. முடிக்காவிட்டால் அதற்குப் பணம் போடுகிற சிங்கப்பூர்க்காரர்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வார்கள்.

வீட்டுக்காரர் ரெத்தினம் செம்மொழியிடம் அப்பா பெயர், பூர்வீகம், தாத்தா என்ன செய்தார் என்று வரிசையாகக் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் திருப்தியாகத் தலையாட்டினார். என் பக்கம் திரும்பியபோது அவருடைய போன் அடித்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று கீழே இறங்கிப் போனார்.

செம்மொழி பார்சல் காபியைக் காகிதக் கோப்பைகளில் ஊற்றினாள்.

காபி தீரும்வரை ஆங்கிலம் பேசக்கூடாது. அது அவள் போட்ட சட்டம். தமிழில் விளையாட்டு எழுதுகிறவர்கள் ஒரு கோப்பைக் காபி நேரமாவது தமிழில் பேசினால் என்ன குறைந்துவிடும் என்பாள். தவறினால் நாள் முழுக்கக் கேலி செய்வாள். அதனால் அந்த நேரத்தில், விளையாட்டை எழுதுகிற சி பிளஸ் பிளஸ் என்கிற கணினி மொழி எங்களுக்குக் கீழ்நிலை மொழி. சுருக்கமாக, கீழ். புதிய மொழிகள் எல்லாம் மேல்.

இயந்திரத்தின் காலடியில் கிடக்கிற மொழி அது. தானாக எதையும் செய்யாது. திரையில் ஒரு நாரை பறக்க வேண்டுமென்றால் நினைவகத்தில் அதற்கு இடம் கேட்டு வாங்க வேண்டும். நாரை போனதும் நம் கையால் துடைத்துத் திருப்பித் தர வேண்டும். துடைத்த பிறகும், நாரை எங்கே இருக்கிறது என்று காட்டுகிற சுட்டி பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருந்தால், அங்கே குடிவந்த மதகு பறக்கும்.

மேல்நிலை மொழிகளில் இந்தப் பாடு கிடையாது. கூட்டி அள்ளுகிற வேலையை அவையே பார்த்துக்கொள்ளும்.

யாரோ சாப்பிட்ட எச்சில் இலையை மாதக்கணக்கில் எடுப்பதுபோல இருந்தது எனக்கு.

"இந்தக் கீழோட இனி முடியாது செம்மொழி. தொட்டாலே கை நாறுது. எத்தனை தடவ கழுவி விட்டாலும் அது புத்தி போகாது."

அவள் சிரித்தாள். ஆடத் தெரியாதவள் எல்லாம் கூடத்தைத்தான் திட்டுவாள் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. கடைமடை ஊர்களில் இருக்கிற மலிவான போனில் மேல்நிலை மொழியில் எழுதின தண்ணீர் திக்கித் திக்கித்தான் நகரும், கீழ்நிலைதான் நிற்காமல் பாயும் என்றாள். உழைப்பு மட்டும் வேண்டும், அழுக்கு வேண்டாம் என்றால் எப்படி என்றாள்.

நான் விடவில்லை. எட்டத்தில் நிறுத்தி வைக்க வேண்டிய சனியனை வீட்டுக்குள் விட்டது நம் தப்பு என்று கத்தினேன்.

வாசலில் ரெத்தினம் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

அவர் முகம் மாறியிருந்தது. இறுக்கமெல்லாம் போய், சொந்தக்காரனைப் பார்க்கிற முகம். நேராக வந்து என் உள்ளங்கையில் சாவியை வைத்து, தன் இரண்டு கைகளாலும் மூடினார்.

"கேட்டுக்கிட்டுத்தான் தம்பி இருந்தேன். கீழ உள்ளதத் தொட்டா கை நாறும்னீங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தையிலயே ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

முன்பணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம். இன்றைக்கே சாமான்களை ஏற்றிக்கொள்ளலாமாம். போன மாதம் ஒருவன் நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்து ஏமாற்றப் பார்த்தானாம். முகத்தைப் பார்த்தே இவர் கண்டுபிடித்துவிட்டாராம்.

நாங்கள் பேசியது கம்ப்யூட்டர் மொழியைப் பற்றி என்றேன்.

அவர் கண்ணைச் சிமிட்டினார்.

"புரியுது தம்பி. இந்தக் காலத்துல இப்படி எதையாவது பேரா வெச்சுத்தான் பேச வேண்டியிருக்கு."

செம்மொழி பதறிப்போய் நினைவகம், சுட்டி என்று விளக்கத் தொடங்கினாள். அவள் சொல்லச் சொல்ல அவர் இன்னும் ரசித்தார். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று மெச்சினார்.

காபி வாயில் புளித்தது. சொன்னதெல்லாம் என் சொற்கள்தான். அவர் வாய்க்குள் போய்த் திரும்பி வந்தபோது நாறின. கையைச் சட்டையில் துடைத்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கையில் சாவி இருந்தது.

பேசாமல் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை கவலை தீர்ந்தது.

எந்த ஊர் என்று இப்போது சும்மா பேச்சுக்குக் கேட்டார். திருப்பனந்தாள் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னேன். அட, தெரிந்த ஊர்தான் என்று மலர்ந்தார். மேலத்தெருவா, வடக்குத்தெருவா என்று கேட்டார். விருந்தாளியிடம் காபியா டீயா என்று கேட்பதுபோல, அவ்வளவு பிரியமாக.

இரண்டில் ஒன்றைச் சொன்னால் போதும். செம்மொழி என்னைப் பார்த்தாள். நான் எந்தத் தெரு என்று அவளுக்கும் தெரியாது.

"கீழத்தெருங்க."

எங்கள் ஊரில் காலனிக்கு அதுதான் பெயர். ஊர் தெரிந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சாவியை அவரிடம் நீட்டினேன்.

அவர் கை வரவில்லை. மோவாயை அசைத்து ஜன்னல் கட்டையைக் காட்டினார், அங்கே வைத்துவிட்டுப் போகும்படி.

நீட்டிய கையை நான் மடக்கவில்லை.