மலைமேல் கேட்ட விசில்

ஸ்காட்லாந்து மலைச்சரிவில் மூடுபனி இப்போதுதான் விலகுகிறது. போர்ப்படையிடம் ஒப்படைக்கக் கொண்டுவந்த புது விமானம், பெயின்ட் வாசம்கூடப் போகாமல், கரிய சேற்றில் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சற்றுத் தள்ளி, கால் முறிந்த விமானி பாறையில் சாய்ந்தபடியே விறைத்துப்போயிருக்கிறான். உயிர்காப்புச் சட்டையில் கட்டியிருந்த விசில் இன்னும் அவன் உதடுகளுக்கிடையில் இருக்கிறது. ஆடு தேடி வந்த மேய்ப்பர்கள் இருவரும் அதையே பார்க்கிறார்கள். "நேத்து பொழுதுசாய இந்த விசில் சத்தம் கேட்டுச்சு, மர்டோ. நீ நாயக் கூப்பிடுறேன்னு நெனச்சு கதவச் சாத்திக்கிட்டேன்" என்கிறான் லாக்லன். மர்டோ தொப்பியைக் கழற்றுகிறான். "நான் ஒன்னயத்தான்யா நெனச்சேன். லாக்லன் ராத்திரி பூரா கூப்பிடுறான், அவன் நாய் எப்பவும்போல காதுல வாங்கலன்னு படுத்துக்கிட்டே சிரிச்சேன்." பிய்ந்த இறக்கைத் தகடு காற்றில் கிறீச்சிடுகிறது. மர்டோவின் நாய் இறந்தவனின் பூட்ஸை முகர்ந்துகொண்டே நிற்கிறது. அதைக் கூப்பிட இரண்டு விரல்களை வாய்வரை கொண்டுபோனவன், விசிலடிக்காமலே கையை இறக்கிக்கொள்கிறான்.